திருடனாக நடித்த மச்சானுக்கு, இயக்குநர் எழுதிக்கொள்வது

மரியாதைக்கும் அன்புக்கும் உரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் வீட்டுக்காரன் பணிந்து எழுதிக்கொள்வது. இங்கே உங்கள் தங்கை சுகம். மகள் சுகம். மகள் கண் பரிசோதிக்கும் மூக்குக்கண்ணாடிக் கடையும் சுகம். மாடிக் குழாயில் தண்ணீர் நின்று நின்று வந்தாலும் வருகிறது. நான் எப்படி இருக்கிறேன் என்பதை மட்டும் ஒரு வரியில் அடக்க முடியாததால்தான் இத்தனை தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருக்கிறேன். ஆஸ்பத்திரிச் செய்தி எதுவும் இல்லை, பயப்பட வேண்டாம். முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் நம் தண்ணீர் மீட்டர் பட்டறையில் நான் எடுத்த பத்தொன்பது நிமிஷக் குற்றப் படம், அதுதான் ‘பட்டறையில் ஒரு பாதகம்’, செத்துப் புதைந்துவிட்டது என்று நினைத்திருந்தேன். போன வாரம் அது எழுந்து வந்து, மண்டபம் நிறைய ஆட்கள் பார்க்க என்னை நிற்கவைத்துச் சாத்திவிட்டது. சாத்தியது சரிதான் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

பட்டறைக் கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள். சாமான்களை ஒழித்தபோது ஸ்டோர் ரூமில், உடைந்த மீட்டர் கண்ணாடிகள் அடைத்த பெட்டிக்கு அடியில் நம் படச்சுருள் டப்பா கிடைத்திருக்கிறது. அது யார் யார் கையோ மாறி ஒரு திரைப்படக் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்து, அங்கே இருக்கிற பிள்ளைகள் துருவைச் சுரண்டி, படத்தைக் கழுவி, கம்ப்யூட்டரில் ஏற்றி, தலைப்பில் என் பெயரைப் பார்த்துத் தேடிப் பிடித்துவிட்டார்கள். ஒரு பெண் போனில் கூப்பிட்டது. “சார், ‘பட்டறையில் ஒரு பாதகம்’ டைரக்டர்தானே பேசறது?” என்றது. மச்சான், நாற்காலியில் இருந்தவன் எழுந்து நின்றுவிட்டேன். என்னை மேற்பார்வையாளர் என்று கூப்பிட்டிருக்கிறார்கள், சார் என்று கூப்பிட்டிருக்கிறார்கள், முதுகுக்குப் பின்னால் என்னவெல்லாமோ கூப்பிட்டிருக்கிறார்கள். டைரக்டர் என்று இத்தனை வருஷத்தில் ஒரு ஈ காக்காய் கூடக் கூப்பிட்டதில்லை. அந்தப் பெண் தொடர்ந்து, “பழைய குற்றக் குறும்படங்களில் பன்முகத்தன்மையும் பிரதிநிதித்துவமும் என்று ஒரு கருத்தரங்கு. உங்க படத்தைப் போட்டு, உங்களையும் மேடையில பேச வைக்கலாம்னு இருக்கோம்” என்றது.

இங்கேதான் முதல் சறுக்கல். பன்முகத்தன்மை என்றால் பல முகம். கதை நான், திரைக்கதை நான், வசனம் நான், இயக்கம் நான், கடைசிக் காட்சியில் கைவிலங்கு மாட்டுகிற கை கூட என்னுடையதுதான். ஆகவே என் பன்முகத் திறமையைப் பாராட்டிக் கூட்டம் போடுகிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டேன். பிரதிநிதித்துவம் என்றால்? பட்டறையின் பிரதிநிதியாக நான் போக வேண்டும், வேறென்ன? மகள் சட்டென்று நிமிர்ந்து பார்த்து, “அப்பா, அந்தத் தலைப்புக்கு என்ன அர்த்தம்னு தெரிஞ்சுதானே ஒத்துக்கிட்டீங்க?” என்றாள். “முப்பது வருஷம் ஆபீஸ் கடிதம் எழுதினவன்மா நான், எனக்கா தெரியாது?” என்றேன். அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா ஜன்னலைப் பார்த்தாள். அப்போதாவது நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. புதுச் சட்டை தைக்கக் கொடுத்தேன். ‘என் பல முகங்கள்’ என்று ஐந்து பக்கப் பேச்சு எழுதி, குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு பக்கம் என்று பயிற்சி எடுத்தேன். மாடியில் குடியிருப்பவர், பால் ஊற்றுகிறவர், முடி வெட்டுகிறவர் எல்லாருக்கும் சொன்னேன். போதாததற்கு நம் ஸ்டோர் மீசைக்கும் போன் போட்டு வரச் சொன்னேன். மனிதர் ஸ்டோர் கீப்பர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பதினைந்து வருஷமாகிறது, மீசை மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை.

நடந்ததைச் சொல்வதற்கு முன்னால் படத்தின் கதையைச் சொல்ல வேண்டும். உங்களுக்குத் தெரியாததா என்று நினைப்பீர்கள். உங்களுக்குத் தெரிந்தது நான் உங்களிடம் சொன்ன கதை. உண்மையில் நடந்ததை நான் யாரிடமும் சொன்னதில்லை.

நான் முதலில் எழுதிய கதையில் நீங்கள்தான் இன்ஸ்பெக்டர். ஊரிலுள்ள தண்ணீர் மீட்டர்களை எல்லாம் சரிபார்க்கிற பித்தளை மூல மீட்டர் காணாமல் போகிறது. இன்ஸ்பெக்டர் வந்து விசாரித்து, அதை ஒளித்து வைத்தது மேனேஜரே என்று கண்டுபிடிக்கிறார். இதுதான் கதை. நீங்கள் கையெழுத்துப் பிரதியை வாங்கிக்கொண்டு போய் மூன்றே நாளில் வசனம் பூராவும் நெட்டுருப் போட்டுவிட்டு வந்தீர்கள். சோதனை மேஜைக்கு முன்னால் நின்று இடுப்பில் ஒரு கை வைத்துப் பேசிக் காட்டினீர்கள். லேத் ஓட்டுகிறவர்கள் மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். அதுவரை எல்லாம் சரி. மறுநாள் மேனேஜர் கூப்பிட்டார். கோபப்பட்டிருந்தால் கூட நான் கொஞ்சம் முறைத்திருப்பேனோ என்னவோ. மனிதர் சிரித்துக்கொண்டே, “கதை பிரமாதம்பா. திருடன் மட்டும் கொஞ்சம் பொருந்தலை” என்றார். பிறகு, “என் மருமகன்கிட்ட பதினாறு மில்லிமீட்டர் கேமரா இருக்கு. ஆளும் பாக்க எடுப்பா இருப்பான். இன்ஸ்பெக்டர்னா அப்படி ஒரு களை வேணும் இல்லையா?” என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “ஆமா சார், நானும் அதையேதான் சார் யோசிச்சுக்கிட்டிருந்தேன்.” யோசிக்கவே இல்லை மச்சான். வாய் அதுவாகவே சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் யோசித்தேன். அந்த மருமகனின் சிவந்த முகத்தையும் உங்கள் முகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யோசித்தேன். மேனேஜர் சொல்வதும் சரிதானோ என்று எனக்கே தோன்றிற்று. பயந்தேன் என்று சொல்லித் தப்பிக்கலாம். பயம் பாதிதான். மறுபாதி இதுதான்.

உங்களிடம் வந்து, “வெளிச்சம் உன் மூஞ்சில நிக்க மாட்டேங்குதுடா, கேமராவுக்கு அது ஒத்து வராதாம். உனக்கு வேற ஒரு முக்கியமான வேஷம் வெச்சிருக்கேன்” என்றேன். நீங்கள் “சரிடா” என்றீர்கள். அந்த முக்கியமான வேஷம் திருடன். நான்கு வார்த்தை வசனம்: “அய்யா, அது நான் இல்லீங்க.”

கேவலம் அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. மருமகனுக்கு வசனம் நிற்கவில்லை. சந்தேகப்பட்டவர்களை வரிசையாக நிற்கவைக்கிற அணிவகுப்புக் காட்சியில் இன்ஸ்பெக்டர் பேச வேண்டிய நீளமான பேச்சு ஒன்று எழுதியிருந்தேன். ஏழு தடவை எடுத்தோம், ஏழு தடவையும் ‘சாட்சி’ என்ற இடத்தில் போய் நின்றுகொண்டு என்னைப் பார்த்தார். ஃபிலிம் தீர்ந்துகொண்டே வந்தது. நான் பேச்சை வெட்டிவிட்டு, அவர் வாய்க்கு அடங்குகிற மாதிரி மூன்றே மூன்று வார்த்தை எழுதிக் கொடுத்தேன். “மூஞ்சியப் பார்த்தாலே தெரியுதே!” வரிசையில் நிற்கிற ஆறு பேரில் ஒருவரிடமும் ஒரு கேள்வியும் கேட்காமல் நேராக உங்கள் தோளைப் பிடித்து வெளியே இழுத்து, கேமராவைப் பார்த்து அதைச் சொன்னார். ஒரே தடவையில் ஓகே ஆகிவிட்டது. பட்டறை ஆண்டு விழாவில் படத்தைப் போட்டபோது அந்த இடத்தில்தான் கைதட்டல் கூரையைப் பிய்த்தது. நான் எழுந்து நின்று கும்பிட்டேன்.

இந்த லட்சணத்தில்தான் போன சனிக்கிழமை காலை புதுச் சட்டையோடு கல்லூரிக்குப் போனேன். சின்ன மண்டபம், சரிவாக நாற்காலிகள், இடம் இல்லாமல் பிள்ளைகள் படிக்கட்டிலும் உட்கார்ந்திருந்தார்கள். முதல் வரிசையில் ஸ்டோர் மீசை, நான், மகள், உங்கள் தங்கை. விளக்கை அணைத்தார்கள். தலைப்பில் என் பெயர் நான்கு தடவை வந்தது. அதற்கே எனக்கு நெஞ்சு விம்மிற்று. நடிகர்கள் பெயர் வந்தபோது ஒவ்வொருவர் பெயரும் வந்து, கடைசியில் ‘மற்றும் திருடன்’ என்று வந்து முடிந்தது. எழுத்து அட்டை தீர்ந்துபோனதால் அப்படிச் செய்தேன் என்று அன்று சொன்னேன். அட்டை தீரவில்லை. அட்டை எழுதியவரிடம் உங்கள் பெயரைக் கொடுக்க மறந்துபோனேன்.

பிள்ளைகள் பயப்பட வேண்டிய இடத்தில் எல்லாம் சிரித்தார்கள். மூல மீட்டரைக் காணோம் என்று டைப்பிஸ்ட் அலறுகிற காட்சி உங்களுக்கு நினைவிருக்கும். நிஜ டைப்பிஸ்ட் அம்மா நடிக்க மறுத்ததால் ஸ்டோர் மீசைக்குப் பொய்முடி வைத்துப் பெண் உடை மாட்டினோம். மீசையை எடுக்கமாட்டேன் என்று அவர் அழுததால் படம் முழுக்க வாயில் கைக்குட்டையைப் பொத்திக்கொண்டு விம்மினார். மீட்டர் பூட்டும் பிரிவில் நான்கு பெண்கள் வேலை பார்த்தார்கள். அவர்களில் ஒருத்தி என்னிடம் வந்து, “எங்களுக்கு ஏதாச்சும் வேஷம் இருக்கா சார்?” என்று கேட்டதும், “இது கிரைம் படம்மா” என்று நான் சொன்னதும் அந்த இருட்டில்தான் ஞாபகம் வந்தது. கிரைம் செய்யவும் கிரைமைக் கண்டுபிடிக்கவும் பெண்களுக்கு அருகதை இல்லை என்று யார் எனக்குச் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை. யாரும் சொல்லாமலே தெரிந்து வைத்திருந்தேன்.

பிறகு அணிவகுப்புக் காட்சி வந்தது. மச்சான், ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் முகத்தில் வெளிச்சம் நன்றாக நின்றது. கன்னத்து எலும்பு, தாடை, கண்ணுக்குக் கீழே வியர்வை எல்லாம் துல்லியமாகத் தெரிந்தது. அந்த மருமகன் முகம்தான் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளுத்துப்போய், மூக்கு எங்கே ஆரம்பித்துக் கன்னம் எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. இருபத்தேழு வயதில் நீங்கள் எப்படி இருந்தீர்கள் என்பதை நான் மறந்திருந்தேன். மறக்க நியாயமே இல்லை. அந்த முகத்தைத்தான் நான் தினமும் காலையில் எதிரில் பார்த்துக்கொண்டு பேப்பர் படிக்கிறேன். என் மகளுக்கு அப்படியே உங்கள் நிறம், உங்கள் தாடை, நிமிர்ந்து பார்க்கிற அதே பார்வை. திரையில் இன்ஸ்பெக்டர் உங்கள் தோளைப் பிடித்து இழுத்து, “மூஞ்சியப் பார்த்தாலே தெரியுதே!” என்றார். மண்டபத்தில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. திரை வெளிச்சம் பட்ட முகத்தோடு என் மகள் என் பக்கம் திரும்பி, மெதுவாக, “அப்பா, இந்த வசனம் யார் எழுதினது?” என்று கேட்டாள்.

அவளுக்குத் தெரியும். நான்கு தடவை என் பெயர் வந்ததை அவளும்தான் பார்த்தாள். நான் ஸ்டோர் மீசையின் பக்கம் திரும்பி அவருக்கு இருமல் வருகிறதா என்று பார்க்கிற மாதிரி பாவனை செய்தேன்.

விளக்கைப் போட்டார்கள். என்னைக் கூப்பிட்ட பெண்தான் மேடையில் பேசியது. குட்டை முடி, பெரிய கண்ணாடி, குரலை உயர்த்தவே இல்லை. நம் படத்தை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்து வைத்தது. இன்ஸ்பெக்டருக்கு எழுபத்தொரு வசனம், திருடனுக்கு ஒன்று. பெண் பாத்திரம் ஒன்றே ஒன்று, அதையும் நடித்தது ஆண். “படத்தின் ஒரே பெண், முதலிலிருந்து கடைசி வரை வாயைத் துணியால் மூடியே இருக்கிறாள். இது அந்தக் காலத்தில் பெண்ணின் குரல் நசுக்கப்பட்டதைக் குறிக்கும் குறியீடா என்று இயக்குநரிடமே கேட்கலாம்” என்று என்னை மேடைக்கு அழைத்தது. ஏறினேன். ஐந்து பக்கப் பேச்சு பையில் இருந்தது. எடுக்கக் கை வரவில்லை. “அது குறியீடு இல்லம்மா, மீசை” என்றேன். கூட்டம் சிரித்தது. ஸ்டோர் மீசை எழுந்து நின்று கையாட்டினார். அந்தச் சிரிப்பில் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்துவிட்டது. தெம்பு வந்தால் நான் பொய் சொல்வேன் என்பது உங்களுக்குத் தெரியும்.

“‘மூஞ்சியப் பார்த்தாலே’ங்கற அந்த வசனத்தைப் பத்தி என்ன நினைக்கிறீங்க சார்?” என்று கேட்டது அந்தப் பெண். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, “அது வேணும்னே வெச்சது. பாக்கறவங்களுக்குக் கோபம் வரணும்னு வெச்சது. சமுதாயத்துக்கு ஒரு சாட்டையடி” என்றேன். இரண்டு மூன்று பேர் கைதட்டினார்கள். அந்தப் பெண் யோசித்துவிட்டு, “ஆனா சார், கடைசியில திருடினது அவர்தான்னு நிரூபணம் ஆயிடுதே? அப்ப இன்ஸ்பெக்டர் சொன்னது சரின்னுதானே ஆகுது?” என்றது. “ரெண்டாம் பாகம் ஒண்ணு யோசிச்சு வெச்சிருந்தேன்” என்றேன். பின்வரிசையில் யாரோ, “திருடனா நடிச்சவர் பேரே டைட்டில்ல இல்லையே, அவர் யாரு?” என்று கேட்டார்கள். என் மச்சான் என்றேன். “அவர் இதைப் பார்த்துட்டு என்ன சொன்னார்?” என்று கேட்டது அந்தப் பெண். நான் கொஞ்சமும் தயங்காமல், “அவருக்கு ரொம்பப் பெருமை. இன்னிக்கும் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்படுவார்” என்றேன்.

“பொய் சொல்லாதீங்க.”

முதல் வரிசையிலிருந்து உங்கள் தங்கை. முப்பத்தாறு வருஷத்தில் நாலு பேர் முன்னால் என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவள். எழுந்து நின்றாள். யாரோ மைக்கைக் கொண்டுவந்து நீட்டினார்கள். அது கையில் கனக்கிறதா என்று பார்த்துவிட்டு, வாய்க்குச் சரியாகப் பிடித்துக்கொண்டு பேசினாள்.

“அந்தப் படம் போட்ட மறுநாள்லேர்ந்து தெருவுல குழந்தைங்க எங்க அண்ணனை திருடன் திருடன்னுதான் கூப்பிட்டுச்சுங்க. அது விளையாட்டு. ஒரு மாசம் கழிச்சு பட்டறையில ஒரு பெட்டி பித்தளைப் பல்சக்கரம் கணக்குல குறைஞ்சுது. அது விளையாட்டில்ல. சாயங்காலம் வேலை விட்டு எல்லாரும் வெளிய வருவாங்க. வாசல்ல காவல்காரர் எங்க அண்ணனோட சாப்பாட்டு டப்பாவை மட்டும் தொறந்து காட்டச் சொல்லுவார். ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, ஒரு வருஷம். அதுக்கப்புறம்தான் தூரத்து டிப்போவுக்கு மாத்தல் கேட்டு வாங்கிட்டுப் போனார். பல்சக்கரம் எங்கயும் போகல. ஸ்டோர்ல எண்ணினதுல தப்பு.”

ஸ்டோர் மீசை தலையைக் குனிந்துகொண்டார். தலை குனிய வேண்டியது அவர் இல்லை மச்சான், நான். தினமும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு உங்களைத் தாண்டிப் போவேன். என் பையை யாரும் திறக்கச் சொல்லவில்லை. நீங்கள் டப்பாவின் மூடியைத் திறந்து பிடித்துக்கொண்டிருப்பீர்கள். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே போவேன். அந்தக் கடிகாரம் ஓடாது. ‘அது நான் எழுதின வசனம், இவன் ஒண்ணும் பண்ணல, விடுய்யா’ என்று காவல்காரரிடம் சொல்ல எத்தனை நிமிஷம் ஆகியிருக்கும்? பத்தொன்பது நிமிஷம் ஆகாது.

உங்கள் தங்கை அதோடு உட்காரவில்லை. “எங்க அண்ணனுக்கு எழுதினது திருடன் வேஷம் இல்ல, இன்ஸ்பெக்டர் வேஷம். வீட்ல நான்தான் பிரதியைப் பிடிச்சுக்கிட்டு வசனம் கேப்பேன். படத்துல வராத பேச்சு ஒண்ணு இருக்கு. சொல்லட்டுமா?” என்று அந்தப் பெண்ணைக் கேட்டாள். என்னைக் கேட்கவில்லை. இடது கையை இடுப்பில் வைத்தாள். உங்களை மாதிரியே தாடையைக் கொஞ்சம் தூக்கினாள். முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் நான் எழுதி நானே வெட்டி எறிந்த பேச்சை ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னாள்.

“மேனேஜர் அவர்களே, தண்ணீரை அளக்க உங்களிடம் கருவி இருக்கிறது. மனிதனை அளக்க என்னிடம் கருவி இல்லை. ஆகவே நான் யாருடைய முகத்தையும் பார்க்கப் போவதில்லை. சாட்சி எங்கே? தடயம் எங்கே? அது இல்லாமல் ஒருவன் தோளில் கை வைத்தால், இந்த அறையில் நடந்த இரண்டாவது குற்றம் அதுதான். அதைச் செய்தவன் நானாக இருப்பேன்.”

மச்சான், நன்றாகத்தான் எழுதியிருக்கிறேன்! முப்பது வயதில் எனக்கு இவ்வளவு தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் வெட்டியிருக்கிறேன். தெரியாமல் செய்திருந்தால் இந்தக் கடிதத்தில் பாதிதான் எழுத வேண்டியிருந்திருக்கும். மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. எனக்காக இல்லை. அந்தப் பெண் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, “இது ஏன் சார் படத்துல இல்ல?” என்றது. “ஃபிலிம் தீர்ந்துடுச்சும்மா” என்று வாய் வரைக்கும் வந்தது. என் மகள் பார்த்துக்கொண்டிருந்தாள். “பேசத் தெரிஞ்சவரை விட்டுட்டு, பாக்க நல்லா இருந்தவரைப் போட்டேன்மா. நான்தான் போட்டேன்” என்றேன். இறங்கிவிட்டேன். படி ஒன்றைக் கவனிக்காமல் இறங்கியதால் கொஞ்சம் வேகமாகவே இறங்கினேன். கணுக்கால் வீங்கியிருக்கிறது, அதைப் பெரிதாகச் சொல்லிக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை.

கண்ணாடிக் கேடயம் ஒன்று கொடுத்தார்கள். பஸ்ஸில் அதை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு வந்தேன். அம்மாவும் மகளும் முன் சீட்டில். மறுநாள் காலை மகள் கடைக்குக் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, “மாமாகிட்ட சொல்லிட்டீங்களா?” என்று மட்டும் கேட்டாள். நான் கண் பரிசோதனைக்கு உட்கார்ந்தவன் மாதிரி எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் போன பிறகு தாள் எடுத்தேன்.

மன்னிப்புக் கேட்கத்தான் எழுதுகிறேன். நீங்கள் அன்றைக்கு வீட்டுக்குப் போய் அழுதிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். வசனப் பிரதியைக் கிழித்துப் போட்டிருப்பீர்கள். தூரத்து டிப்போவில் தனியாக உட்கார்ந்து என்னைச் சபித்திருப்பீர்கள். பிறகு மனசு ஆறியிருப்பீர்கள். ஆறியதால்தான், நான் உன் தங்கையைப் பெண் கேட்டு வந்தபோது நீ மறுப்புச் சொல்லவில்லை. அதுவே மன்னித்த மாதிரிதான் என்று இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டு, நீ வரும்போதெல்லாம் கிரிக்கெட்டும் ரத்தக் கொதிப்பும் பேசியே சமாளித்துவிட்டேன். நீ என்னை மாப்பிள்ளை என்று மரியாதையாகக் கூப்பிட ஆரம்பித்தாயே, அந்த மரியாதைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன்டா. கல்லூரிக்கு எழுதிப் போட்டுவிட்டேன்: படத்தை இனி எங்கும் போடக் கூடாது, சுருளைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று. அது வந்தால் என்ன செய்வது என்று நீங்களே சொல்லுங்கள். பழைய இரும்புக்குப் போடுவதோ, குழி தோண்டுவதோ, எதுவானாலும் சம்மதம்.

உங்கள் மனசு என்றும் போல் பெரிய மனசாகவே இருக்கட்டும். அக்கம்பக்கத்தார் எல்லாரும் உங்களைச் சரியான பெயரால் கூப்பிட்டுக்கொண்டு நீடூழி வாழட்டும். அங்கே பெரியவர்களுக்கு என் வணக்கத்தையும், சின்னவர்களுக்கு, என் வழியில் போகாமலிருக்க, ஆசிகளையும் சொல்லவும்.

இப்படிக்கு,
நிமிர்ந்து பார்க்க முடியாத நிலையில்,
உங்கள் தங்கை வீட்டுக்காரன்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்கு முன்னால் உங்கள் தங்கையிடம் படிக்கக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலிலிருந்து கடைசி வரை படித்தாள். “நல்லா எழுதியிருக்கீங்க. இது யாருக்கு?” என்றாள்.

“உங்க அண்ணனுக்குத்தான்.”

“இதுல எங்க அண்ணன் எங்க இருக்கார்? எல்லாப் பக்கத்துலயும் நீங்கதான் இருக்கீங்க. அவர் அழுதாருன்னு எழுதியிருக்கீங்க. யார் சொன்னா? சபிச்சாருன்னு எழுதியிருக்கீங்க. கேட்டீங்களா? படத்துலயாவது அவருக்கு நாலு வார்த்தை குடுத்தீங்க. இதுல ‘சரிடா’ன்னு ஒரே ஒரு வார்த்தை. படத்தைப் புதைக்கணும்னு நீங்களே முடிவு பண்ணி, கல்லூரிக்கும் எழுதிட்டீங்க. அது அவர் நடிச்ச படமும்தானே? அவருக்கு அது வேணுமா வேணாமான்னு கேட்டீங்களா? எப்படி இருக்கீங்கன்னு கூட ஒரு வரி கேக்கலை.”

திரும்பப் படித்துப் பார்த்தேன். கேட்கவில்லை. கிழிக்கப் போனேன். “கிழிக்காதீங்க, அனுப்புங்க. சிரிக்கட்டும்” என்றாள்.

ஆகையால் மேலே உங்களைப் பற்றி எழுதியிருப்பது அத்தனையும் என் கற்பனை. தயவுசெய்து அடித்துத் திருத்திக்கொள்ளவும். கல்லூரிக்கு எழுதியதையும் இன்று காலை போன் செய்து நிறுத்தி வைக்கச் சொல்லிவிட்டேன், உங்கள் முடிவு தெரிகிற வரை. இனி வருவதுதான் கடிதம்:

எப்படி இருக்கீங்க? முழங்கால் வலி என்று உங்கள் தங்கை போன வருஷம் சொன்னாள், இடதா வலதா? ஓய்வு பெற்ற பிறகு காலையில் எழுந்து என்ன செய்கிறீர்கள்? அன்றைக்கு உண்மையில் என்ன நினைத்தாய்? என்னிடம் ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை? கேட்டாயா, நான்தான் காதில் வாங்கவில்லையா?

பதில் எழுத நான்கு வெற்றுத்தாள் வைத்திருக்கிறேன், தபால்தலை ஒட்டிய உறையும் இருக்கிறது. திட்டுவதாக இருந்தால் நாலு போதாது என்கிறாள் உங்கள் தங்கை. ஆறாக வைத்திருக்கிறேன்.